கொசுறு

"கண்ண மூடுனா உள்ளுக்குள்ள தையல் மிஷின் ஓடுது டாக்டரம்மா. இருபத்தி மூணு நாளாச்சு நான் ஒழுங்காத் தூங்கி" என்றாள் ஜைனம்பு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் நாலு தடவை நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பெரம்பலூரில் டாக்டர் சத்யாவின் கிளினிக். பக்கத்து நாற்காலியில் ஜைனம்புவின் கணவர் மதார். லெப்பைக்குடிகாட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் கடையில் யாரும் பேரம் பேசி ஜெயித்ததில்லை. அடுத்தவர் கடையில் அவர் பேரம் பேசித் தோற்றதில்லை. பெண்டாட்டியின் தூக்கம் ஒன்றுதான் இன்னும் படியவில்லை. ராத்திரியில் அவள் எழுந்து நடந்தால் இவரும் எழுந்து உட்காருவார். இரண்டு பேர் கண்ணும் கோவைப்பழம்.

"வியாழக்கிழமை ஷார்ஜாவுக்கு பிளைட்டு. மக ஃபைஸாவுக்குத் தலப்பிரசவம்" என்றாள் ஜைனம்பு. "பாருங்க, கை எப்படி நடுங்குது! இந்தக் கையால பச்சப்புள்ளயத் தூக்க முடியுமா? நீங்க எழுதின தைராய்டு மாத்திரைய ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இப்படி, இன்னையோட நிறுத்திரப் போறேன்."

"நீங்களா நிறுத்தக் கூடாதும்மா." டாக்டர் பழைய குறிப்பைப் புரட்டினார். "நான் எழுதினது இருபத்தஞ்சு மைக்ரோகிராம்தான். இருக்கிறதுலயே சின்ன அளவு. இதுக்குப் போயி தூக்கம் கெடாதே! எப்பப் போடுறீங்க?"

"விடியக்காலம் பஜ்ரு தொழுதுட்டு, வெறும் வயித்துல. ஒண்ணே ஒண்ணு" மதார் முந்திக்கொண்டார். "என் கையாலதான் எடுத்துக் குடுக்குறேன். ஒரு நா தவறினது கெடையாது."

"டீ எப்போ?"

"ஒரு மணி நேரம் கழிச்சு. அதோட சரி. சாயங்காலம் கேட்டாலும் கண்ணுல காட்டுறதில்ல."

"ராத்திரி செல்போன் பார்ப்பாங்களா?"

"எங்கேர்ந்து பாக்குறது? எட்டு மணிக்கே புடுங்கிப் பீரோல வச்சுப் பூட்டிருவாரு" என்றாள் ஜைனம்பு.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "ஏன் இப்படிப் படபடன்னு அடிக்குது? ரத்தம் குடுத்துட்டுப் போங்க, பார்த்துரலாம். வேற ஏதாச்சும் செஞ்சு பார்த்தீங்களா?"

மதாருக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

"என்ன செய்யல டாக்டரம்மா? சிமென்ட் லாரிச் சத்தம் கேக்குதுன்னு கட்டில பின்கட்டுக்கு மாத்துனேன். கசகசாப் பால் காய்ச்சிக் குடுத்தேன். பள்ளிவாசல்ல ஓதுன தண்ணி வாங்கியாந்தேன். அரியலூர் போயி இலவம்பஞ்சு மெத்த எடுத்தேன். ரெண்டு தலகாணி கொசுறு!"

"அந்த மெத்தைக்காரரு வயிறெரிஞ்சு குடுத்தாரு" என்று ஜைனம்பு வெடுக்கென்று திரும்பினாள். "அவரு உட்ட சாபம், அந்தப் பதுவாதான் எனக்குப் பலிச்சிருக்கு. கொசுறுன்னா இவரு பொதைக்கிற குழியக்கூட ரெண்டா வெட்டிக் கேப்பாரு."

"உனக்காகத்தானே புள்ள அலையுறேன்?" மதார் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாலு ராத்திரி நல்லாத் தூங்குனா போதும், அந்த மெத்தக்காரனுக்கு முழுப் பணத்தையும் குடுத்துட்டு வரேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். "ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் தூங்குறதுக்கு மூணு நாளைக்கு மட்டும் ஒண்ணு எழுதுறேன். ரொம்பச் சின்ன அளவுதான், பயப்படாதீங்க."

மதார் மேஜைமேல் குனிந்தார். வியாபாரம் முடிகிற நேரத்தில் வருகிற அந்தத் தணிந்த குரல் வந்தது.

"சின்ன அளவு எதுக்கு டாக்டரம்மா? பெருசாவே எழுதிருங்க. இந்த மருந்துக்கடைக்காரங்க சங்கதி எனக்குத் தெரியும். தைராய்டு மாத்திரையே பாருங்க, இருபத்தஞ்சும் நூறும் கிட்டத்தட்ட ஒரே வெல. சீட்டு வூட்டுல இருக்குன்னு சொல்லி, நான் நூறாத்தான் வாங்கியாந்தேன். முக்காவாசி மருந்து கொசுறு!"

டாக்டரின் பேனா நின்றது. இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாக ஜைனம்பு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, கணவரையே பார்த்தாள்.