சாமான் கொஞ்சம் அதிகம்

“அம்மா பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. சாமான் கொஞ்சம் அதிகமாமே” என்றாள் மனைவி போனில்.

“என்னிக்குக் குறைச்சலா இருந்திருக்கு?”

“போன தடவை மாதிரி முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க.”

“நான் கட்டி வெச்சதையெல்லாம் அத்தனை பேர் முன்னாடி அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொன்னா, பல்லை இளிச்சுக்கிட்டா நிப்பாங்க?”

“அவங்க சொன்னது சரியாத்தானே இருந்தது?”

“அதுதான் தாங்கல.”

போனை வைத்தவன், கட்டியதை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தான். கல்யாணமாகி நாலு வருஷம். மாமியார் வாயிலிருந்து ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

சரியாகப் பத்து மணிக்கு மாமியார் ஏணியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் கேப்டனுக்குரிய நான்கு தங்கப் பட்டைகள். சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த ராட்சத டிரான்ஸ்பார்மரை ஒரு சுற்றுச் சுற்றினார். அதைத் தரையோடு பிணைத்திருந்த சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

“எடை எவ்வளவு, மாப்பிள்ளை?”

“தொண்ணூத்திரெண்டு டன், அத்தை.”

அவன் எடைத் தாளை நீட்டினான். அதில் கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும்.

“உங்களை நம்பி ஓட்டலாமா?”

“பொண்ணையே நம்பிக் கொடுத்தீங்களே, அத்தை.”

“நான் எங்க கொடுத்தேன்? நீங்களா கூட்டிட்டுப் போனீங்க. அதுல யாரும் என் கையெழுத்தைக் கேட்கல.”

கடைசிச் சங்கிலியையும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“இதுல போடறேன். பேனா இருக்கா?”