இடைவேளைக்கு முன் சாகிறவர்

உளவாளிப் படத்தின் எட்டாம் பாகத்துக்குத் துணை நடிகர்களைத் தேர்வு செய்துகொண்டிருந்தார் மேனேஜர். எத்தனை பாகம் வந்தாலும் கதாநாயகனுக்கு வயதாகாது. அவனுடைய நண்பன் ஒருவன் மட்டும் ஒவ்வொரு பாகத்திலும் இடைவேளைக்கு முன்னால் வில்லன் கையால் செத்தாக வேண்டும். அந்த நண்பனுக்குத்தான் ஆள் பிடிக்கிற வேலை.

“டைரக்டர் கறாரா சொல்லிட்டார். ஒரு பாகத்துல செத்தவன் இன்னொரு பாகத்துல தலைகாட்டக் கூடாது. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்கார். ஒரு தடவை பார்த்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்” என்றார், எதிரே நின்ற நடிகரிடம். “எங்க, செத்துக் காட்டுங்க.”

நடிகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டடி தள்ளாடி, மேஜைக்காலில் தலை இடிக்காமல் பதமாக விழுந்தார். “அவனை விட்டுடாத” என்று முனகிக் கண்ணை மூடினார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்படிச் சாகத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். நாளைக்கே ஷூட்டிங் வந்துடுங்க.”

நடிகர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே தயங்கினார். “சார், இந்தத் தடவை தண்ணியில விழ வேண்டாமே. போன பாகத்துல விழுந்ததுல வந்த காதுவலியே இன்னும் போகல.”

மேனேஜருக்கு வியர்த்தது. “போன பாகத்துல செத்தது நீங்களா?”

“அதுக்கு முந்தின ஆறுலயும் நான்தான் சார்.”

மேனேஜர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். “டைரக்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்யா. எந்த மடையன் உங்களையே திரும்பத் திரும்பத் தேர்வு பண்ணான்?”

நடிகர் தலையைச் சொறிந்தார்.

“நீங்கதான் சார். ஏழு தடவையும் இதே மாதிரி கண் கலங்கி, நாளைக்கே வந்துடுங்கன்னு சொன்னீங்க.”