ஜிகினாப் பூக்கள்

"இது உள்ள போகாதும்மா."

சிறைக் காவலர் அந்த வாழ்த்து அட்டையை ஒரு விரலால் தள்ளிவிட்டார். செத்த பல்லியைத் தள்ளுகிற மாதிரி.

குழந்தையின் கையைப் பிடித்து நின்ற அவளுக்குச் சுருக்கென்றது.

"ஏன் சார்? வெறும் பூ சார். குழந்தை அவ அப்பாவுக்காக வரைஞ்சது."

"மெழுகு கலர் பூசியிருக்கு. பசை தடவி ஜிகினா ஒட்டியிருக்கு. எதுல எதைத் தடவி உள்ள அனுப்புறாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும். வெள்ளைத் தாள்ல பேனாவால எழுதினது, வரைஞ்சது மட்டும்தான் போகும்."

பாப்பாவுக்குக் கீழுதடு பிதுங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தரையில் குப்புறப் படுத்தவள்தான், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அட்டை முழுக்கப் பூ. இடம் போதாமல் ஓரத்தில் ஒரு அரைப் பூ. நடுவில் தேனீ என்று சொல்லி, எருமைக்கன்று சைஸில் ஒன்று. கீழே, 'அப்பா, சீக்கிரம் வா.'

இன்றைக்கு விட்டால் இல்லை. லாரி ஓட்டினவர் அவள் புருஷன். தூக்கக் கலக்கத்தில் ஒரு விபத்து, ஒரு உயிர் போய்விட்டது, தண்டனை. நாளைக் காலையில் அவரை எங்கேயோ தள்ளியிருக்கிற சிறைக்கு மாற்றுகிறார்கள். தையல் கடையில் லீவு சொல்லிவிட்டு அங்கெல்லாம் போய் நிற்க அவளால் ஆகுமா?

"சார், ஒரு தாளும் பேனாவும் குடுங்க. இங்கேயே உட்கார்ந்து திரும்ப வரைஞ்சிடுவா."

"பார்வையாளர் கையில பேனா குடுக்கக் கூடாது."

"பேனால வரைஞ்சாத்தான் விடுவீங்க. ஆனா பேனா குடுக்க மாட்டீங்க. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!"

"போய் உட்காருங்க. கூப்பிடுவேன். இதைப் போகும்போது வாங்கிக்குங்க."

அட்டையை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். சிடுமூஞ்சி என்று அவள் அந்த நிமிஷமே பேர் வைத்துவிட்டாள்.

வரிசையில் அவர்கள்தான் இரண்டாவது. முதல் ஆள் போனார், வந்தார். அடுத்து நாம்தான் என்று பாப்பாவின் தலையைக் கோதிவிட்டு எழுந்தாள். சிடுமூஞ்சி அவளைத் தாண்டிப் பின்னால் இருந்த கிழவரைக் கூப்பிட்டார்.

அப்புறம் ஒரு கல்லூரிப் பையன். அப்புறம் ஒரு கர்ப்பிணி. உயரமான மேசைக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார் மனுஷன். நிமிர்வார், வேறு யாரையாவது கூப்பிடுவார், மறுபடி குனிவார்.

பக்கத்தில் இருந்த வயசான அம்மா ஒருத்தி முழங்கையால் இடித்தாள். "எதிர்த்துப் பேசினியா? அதான். இந்தாளுக்குப் பிடிக்கலைன்னா கடைசியிலதான் விடுவான். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?"

உள்ளே போன கர்ப்பிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தாள். "ரெண்டு வார்த்தை பேசலக்கா. பின்னாடி ஆள் நிக்குதுன்னு துரத்துறாங்க."

அந்த ரெண்டு வார்த்தையும் நமக்கு இல்லையா? மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால்? அவளால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சிடுமூஞ்சி நடுவில் எழுந்து எங்கேயோ போய்விட்டு ஆடி அசைந்து வந்தார். டீ குடிக்கத்தான் போயிருப்பார், வேறென்ன!

"அம்மா, நான் ஜிகினா ஒட்டினதாலதான் அப்பாவைப் பார்க்க விடலையா?"

அவ்வளவுதான். விறுவிறுவென்று மேசைக்குப் போய்விட்டாள்.

"எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரும் உள்ள போறாங்க சார்."

"கூப்பிடுறேன்னு சொன்னேன்ல?"

"உங்க வீட்ல குழந்தை குட்டி இல்லையா சார்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"நல்லா இருப்பீங்க சார். நல்லா இருப்பீங்க!"

சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதானே.

முழங்கையால் இடித்த அம்மாவும் போய்விட்டு வந்து கிளம்பினாள். பெஞ்சு காலி. அப்போதுதான் சிடுமூஞ்சி கையைக் காட்டினார். "வாங்க."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கையில் இரண்டாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று.

"என் கண்ணே! என்னமா வரைஞ்சிருக்கடா!"

தாளை விரித்து வலையோடு வைத்துக் காட்டினார். முழுக்க நீலப் பேனா. பூக்கள். ஓரத்தில் அரைப் பூ. எருமைக்கன்று மாதிரி தேனீ. 'அப்பா, சீக்கிரம் வா.' கோணல் மாணல்கூட அப்படியே இருந்தது. பாப்பா திருதிருவென்று விழித்தாள்.

"ஜிகினா கார்டு கூடாதுன்னதும், நீயே உட்கார்ந்து பேனால மறுபடி எல்லாத்தையும் வரைஞ்சியாமே? சார் உள்ள வந்து குடுத்துட்டுச் சொன்னாரு. கை வலிக்கலையாடா தங்கம்?"

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

சிடுமூஞ்சி கதவோரம் நின்று, எரிச்சலோடு சொன்னார்: "என்னை ஏம்மா பார்க்குறீங்க? அவரைப் பாருங்க. உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல, மணி அடிக்கிற வரைக்கும் பேசுங்க."