எதிர்த்து ஒரு கை

பதிவாளரே லிஃப்ட் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா வாங்க சார், அவசரமே இல்ல. நீங்க இல்லாம ஆரம்பிச்சிடுவோமா?"

பேராசிரியருக்கு ஊன்றுகோல் வழுக்காத குறை. நேற்றுவரை இவர் தலையைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போன மனிதர், இன்று இவர் காலில் கட்டோடு கிடக்கிறார் என்று வாசலுக்கே காரை அனுப்பியிருந்தார். மரியாதை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'விதிப்புத்தகம்'. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவுக்கு ஆசிரியர் பிரதிநிதியாகத் தேர்வான நாளிலிருந்து ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. மகள் பிரசவ வலியில் கிடந்தபோதுகூட, மனைவியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து கை தூக்கியவர்.

இன்றைக்கு ஒரே தீர்மானம்தான். தத்துவத் துறையை இழுத்து மூடுவது. மூடினால் அங்குள்ள தற்காலிக ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும்.

"யார் கைவிட்டாலும் என் கை ஒண்ணு எதிர்த்துத் தூக்கியிருக்கும்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். யாரும் மனசைக் கலைத்துவிடக் கூடாது என்று முந்தாநாளே போனையும் அணைத்துவிட்டார்.

கூட்ட அறைக்குள் நுழைந்தார். ஆசிரியர் பக்க நாற்காலிகள் எல்லாம் காலி. தத்துவத் துறைத் தலைவியின் நாற்காலியும்தான்.

"எங்கே நம்ம ஆளுங்க?"

"பயமா இருக்கும் சார், பாவம்" என்ற பதிவாளர், இவர் காலை நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூலை வரவழைத்தார். இவர் உட்காரும்வரை துணைவேந்தர் வாயே திறக்கவில்லை. உட்கார்ந்ததும் பதிவாளர் மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துத் தலையசைக்க, "ஆரம்பிக்கலாம்" என்றார் துணைவேந்தர்.

பேராசிரியர் விதி விதியாக எடுத்துப் பேசினார். யாரும் குறுக்கிடவில்லை; துணைவேந்தர் தண்ணீர் டம்ளரைக்கூட இவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு வாக்கெடுப்பு. எதிர்த்து ஒரே ஒரு கை. துறையின் கதை முடிந்தது.

"உங்க எதிர்ப்பைத் தவறாம பதிவு பண்ணிடறோம் சார்" என்று பதிவாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கால் வலியோட வந்தீங்க. ரொம்ப நன்றி."

லிஃப்டில் தனியாக இறங்கினார். கீழே வாசல் படிகளில் ஆசிரியர் பிரதிநிதிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துறைத் தலைவி, பக்கத்தில் ஒரு தற்காலிக ஆசிரியர்.

"மேலே உங்க துறையைக் கொன்னு போட்டாச்சும்மா. நீங்க இங்க காத்து வாங்குங்க. இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடவா முதுகெலும்பு இல்ல?"

அவள் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நாளா உங்களுக்குப் போன் பண்ணிட்டே இருந்தோம் சார். காலைல வீட்டுக்கே வந்தோம். இப்பத்தான் கார் வந்து கூட்டிட்டுப் போச்சுன்னாங்க உங்க வீட்டு அக்கா."

"என்கிட்ட என்ன சொல்ல?"

"யாரும் உள்ள போக வேண்டாம்னு சொல்லத்தான். பாதிப் பேராவது உள்ள இல்லைன்னா கூட்டமே செல்லாதே சார். இன்னிக்குத் தள்ளிப் போயிருந்தா மூடறதுக்கான கெடுவும் தாண்டியிருக்கும்."

அந்த விதியும் அவருக்கு மனப்பாடம்தான். தற்காலிக ஆசிரியர் எழுந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, அவரைப் பிடித்துத் தன் இடத்தில் உட்காரவைத்தார்.

துறைத் தலைவி மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான் சார் குறைஞ்சுது."