முதல் ‘வேண்டாம்’

ஹாம்பர்க்கில் ஜெசிந்தா வேலை பார்க்கும் பாலம் கட்டும் நிறுவனத்தில், கூட்டங்களுக்கு யாரும் நேரில் போவதில்லை. அவரவரின் கணினி நகல்தான் போகும். தூத்துக்குடிக்காரி ஜெசிந்தாவின் நகல் அவளைப் போலவே பேசும், அவளைப் போலவே கூச்சப்படும்.

அன்று கூட்டம் முடிந்ததும் அது திரையில் வந்து நின்றது.

“தலைமைப் பொறியாளர் பதவி உனக்குத்தான்னு மேலாளர் உல்ரிக் சொன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்கு எதுக்கு, வேண்டாம்னேன். மறுபடி வற்புறுத்துவாருன்னு காத்திருந்தேன். அவரு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு.”

“ஆறு வருஷ உழைப்பு, பாவி.”

“நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?”

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மாடியேறி, உல்ரிக்கின் அறைக்கே போய்விட்டாள். அலுவலகத்தில் மனித முகம் பார்த்து வெகுநாளான அவர் பதறி எழுந்தார்.

“வாங்க. காபி சாப்பிடுறீங்களா?”

“ஐயோ, வேண்டாம் சார்.”

அவர் தலையாட்டிவிட்டு, ஒரே ஒரு கோப்பையில் ஊற்றித் தான் மட்டும் குடிக்க ஆரம்பித்தார்.

ஜெசிந்தா அந்தக் கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“காபி வேணும் சார். அந்தப் பதவியும் வேணும்.”