ஓணான் வாத்தியார்

அடைமழை நாளில் கீரிக்குச் செய்தி வந்தது. அக்கரையில், பிறந்த வீட்டில் இருந்த மனைவிக்குப் பிரசவ வலி. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. கீரிக்கு ஓட்டத்தான் தெரியாது. வண்டி ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றித் திரிந்த ஓணானைக் கூப்பிட்டது.

ஓணான் வந்து, இருந்த ஒரே ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, கீரியை முன்னால் உட்காரவைத்துப் பின்சீட்டில் ஏறியது.

"கிளட்ச்சை மெதுவா விடுடா! மழைக்கெல்லாம் பயந்தா முடியுமா? நான் இருக்கேன்ல!"

தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. பின்சக்கரம் வழுக்கியதுமே ஓணான் ஒரே தாவலில் கருவேல மரத்துக்குப் போய்விட்டது. கீரி காலை ஊன்றி, வண்டி கதறக் கதற, முதல் கியரிலேயே அக்கரை சேர்ந்தது. குட்டி பிறந்தபோது பக்கத்தில் இருந்தது.

மறுநாள் மழை விட்டு, வெள்ளம் வடிந்தது. ஓணான் வந்து உறவுக்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தது.

"நான் குதிச்சு பாரத்தைக் குறைக்கலேன்னா இவன் பிழைச்சிருப்பானா?"

முதல் இனிப்பை அதற்கே கொடுத்தார்கள்.

கீரி வண்டிச் சாவியை நீட்டியது. "வாத்தியாரே, திரும்பிப் போறப்போ நீங்க ஓட்டுங்க. பின்னால உக்காந்து நான் கத்துக்கறேன்."

ஓணான் வெயிலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"காய்ஞ்ச ரோட்டுல ஓட்டுறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலைடா."