ஏழாம் நம்பர் பிரஸ்

அவள் காதில் விழுந்தது தகடு வெட்டும் பிரஸ் இறங்கிய சத்தம் மட்டும்தான். அலறல் அதற்குப் பிறகே வந்தது.

திரும்பினாள். ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் வளர்மதி வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள்தான் ஓடிப்போய் வளர்மதியைத் தாங்கினாள். தன் துப்பட்டாவை உருவி அந்தக் கையில் சுற்றினாள். துணி நனைந்து, அவள் முழங்கை வழியாக ரத்தம் சொட்டியது. வேனில் ஏற்றும்போது வளர்மதி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று.

வேன் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பனியன் வேஸ்ட் துணியை டீசலில் நனைத்து அச்சைத் துடைக்கச் சொன்னார் மேனேஜர் ஜெகநாதன். துடைத்தார்கள். தரையில் மரத்தூளைக் கொட்டினார்கள். மதியத்துக்குள் லோடு போயாக வேண்டும் என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ போய் ஏழுல உக்காரு."

அவள் நகரவில்லை.

ஒன்பது வருடத்தில் அவர் பேச்சை அவள் தட்டியதே இல்லை. உள்ளே கை இருந்தால் பிரஸ்ஸை இறங்கவிடாத சென்சார் எல்லா பிரஸ்ஸிலும் இருந்தது. சும்மா சும்மா நிறுத்தி உற்பத்தியைக் குறைக்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே உட்கார்ந்து ஒயர்களைப் பிடுங்கினார்.

பக்கத்தில் நின்று டார்ச் அடித்தவள் அவள்.

"சென்சார மாட்டுங்க சார். உக்கார்றேன்."

அறை விழுந்தது.

காதுக்குள் ரீங்காரம். உதடு பல்லில் கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. சுற்றிலும் பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதின்மூன்று பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஏழாம் நம்பர் ஸ்டூலில் உட்கார வைத்தார். கையை ஒழுங்காக வைக்கத் தெரியாதவளுக்கு விரல் போகத்தான் செய்யும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒரு தகட்டை அவள் வலது கையில் திணித்தார். அவள் மணிக்கட்டைப் பற்றி, குனிந்து, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே தள்ளினார்.

"இப்படி வெச்சா எப்படிடீ வெரல் போகும்?"

அச்சு இன்னும் சூடாக இருந்தது. துடைத்தும் போகாத ஈரம் அவள் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

அவள் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த அவர் கையையும் பார்த்தாள்.

இரண்டும் உள்ளே இருந்தன.

அவள் வலது கால் ஏற்கெனவே பெடலின் மேல் இருந்தது. உட்கார்ந்ததும் கால் தானாகப் போய் அங்கே அமர்ந்துகொள்ளும். ஒன்பது வருடப் பழக்கம்.

இடது கையால் அவர் முழங்கைக்குக் கீழே பிடித்தாள். தகடு தூக்கித் தூக்கி இறுகிப்போன கை அவளுடையது.

"ஓட்டட்டுங்களா சார்?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையை இழுத்தார். வரவில்லை. இன்னொரு கையால் அவள் தலையில் குத்தினார். இரண்டாவது குத்தில் புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது.

அவள் பிடியை விடவில்லை. தன் கையையும் வெளியே எடுக்கவில்லை.

பெடல் ஒரு விரற்கடை லொடலொடவென்று இறங்கும். அதற்குப் பிறகுதான் பிரஸ் பிடிக்கும். அந்த ஒரு விரற்கடையை அவள் மெதுவாக அழுத்தித் தீர்த்தாள். காலடியில் ஸ்பிரிங் முனகியது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

எழுபது டன் பிரஸ். மேல் அச்சு அவருடைய கைக்கடிகாரத்துக்கு நேர் மேலே தொங்கியது. அவர் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அதில் வெற்றிலை வாசனை.

"வேண்டாம்," என்றார்.

"எல்லாருக்கும் கேக்கோணும்."

"வேண்டாம்... ஓட்ட வேண்டாம். யாரும் ஓட்ட வேண்டாம்."

பக்கத்து பிரஸ் நின்றது. அதற்கடுத்தது நின்றது. கடைசி பிரஸ்ஸும் நின்றபோது, மேலே ஓடிய மின்விசிறிகளின் சத்தம் அந்த ஷெட்டில் முதல்முறையாகக் கேட்டது.

அவள் பிடியை விட்டாள்.

அவர் இரண்டடி பின்னால் போய், வேஸ்ட் தொட்டியில் இடித்துக்கொண்டு நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதின்மூன்று பெண்களும் எழுந்து நின்றார்கள். எலக்ட்ரீஷியன் வரும்வரை ஒருத்தியும் உட்காரவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லா பிரஸ்ஸுக்கும் சென்சார் ஒயர் மாட்டியாயிற்று. ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளையிலிருந்து அவளை உள்ளே விடக்கூடாதாம். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் தேன்மொழி கூடவே வந்தாள். எட்டாம் நம்பர் பிரஸ்காரி. எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள். வளர்மதியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், யார் யார் போவது என்று ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அந்த ஆளு வேண்டாம்னு சொல்லீருக்காட்டி... நெசமாலுமே மிதிச்சிருப்பீங்ளா?"

அவள் சாப்பாட்டுப் பையை மறு தோளுக்கு மாற்றினாள்.

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்காகப் படியில், பெடலில் இருந்த வலது காலை வைத்தாள்.

அழுத்த முடியவில்லை.

காலை எடுத்துவிட்டு, இடது காலை வைத்து ஏறினாள்.